கழிவு போக

1

நம்பிக்கையின் விலை இரண்டாயிரம் ரூபாய். திருப்பித் தரப்படமாட்டாது என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்குச் சாமான் விற்க ஆசைப்படுகிறவர் கேள்விமனுப் படிவத்துக்கு, அதாவது டெண்டருக்கு, கட்ட வேண்டிய தொகை அது. குறைத்துக் கேட்க முடியாது. கேட்டுக் குறைக்க முடியாத எதையும் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் மனதார வாங்கியதில்லை. ஆகவே அந்த ரசீதைப் பார்த்ததும் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. இந்தக் கதைக்கு மூலம் அந்த மரியாதைதான், வேறொன்றுமில்லை.

ரசீதை வைத்திருந்தவள் பிரேமினி. கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கீழ்க்கணக்குப் பிரிவின் லயத்து வரிசை வீடொன்றில் இருக்கிறாள். முப்பத்தாறு வயது. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மூட்டை மரக்கறியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஹட்டனில் எங்கள் கடைக்கு வருவாள். கடை என் வாப்பா ராசிக்குடையது. கல்லாவில் இருப்பது நான், பஸ்மிலா. பகலில் மீதிச் சில்லறை எண்ணுவேன், பொழுது சாய்ந்தால் கதை எழுதுவேன். இரண்டிலும் சில நேரம் கை குறையும்.

"ஒன் கதைய எழுதட்டா அக்கா?" என்று கேட்டேன்.

"எழுது. எனக்கு என்ன தருவ?"

"என்ன வேணும்?"

பிரேமினி யோசித்தாள். "நான் அழுவுற மாதிரி எழுதக் கூடாது. நல்ல ஆபீசர் ஒருத்தர் வந்து காப்பாத்துற மாதிரியும் எழுதக் கூடாது. என் பேர மாத்தக் கூடாது. ரெண்டாயிரம் கட்டினது நான், கதையில வேற எவளோ பேர் வாங்கிட்டுப் போறதா?"

மூன்றுக்கும் சரி என்றேன். வேறு வழியில்லை. பேரத்தில் எதிராளி முதலில் விலை சொல்லிவிட்டால் நம் கை கட்டப்பட்டது மாதிரி.

2

தொடக்கம் எழுதினேன்.

*பனி மூடிய மலைச்சரிவில், முதுகில் கூடையுடன், கொழுந்து பறிக்கும் விரல்கள்—*

நிறுத்திவிட்டேன். பிரேமினி கூடையை இறக்கி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. மேலும் அன்றைக்குப் பனியும் இல்லை, நல்ல வெயில். மலைநாட்டுக் கதை என்றால் முதல் வரியிலேயே பனி போட வேண்டும் என்று கொழும்பில் யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விற்க வேண்டுமானால் பனி நல்ல சரக்கு.

இரண்டாவது தொடக்கம்.

*பெண்களுக்குச் சொந்தமான சிறுதொழில் முயற்சிகளை அரச கொள்வனவில் உள்வாங்குவதற்கான வழிவகைகள் பற்றி ஆராயும்போது, முதற்கண்—*

இதையும் நிறுத்திவிட்டேன். இப்படி எழுதினால் கருத்தரங்கில் போல மதியச் சாப்பாடும் ஒரு பையும் கொடுத்துத்தான் ஆளை உட்கார வைக்க முடியும்.

வாப்பா ஒரு பாடம் சொல்வார்: சாமானை முன்னால் வை, பேச்சைப் பின்னால் வை. ஆகவே சாமானை வைக்கிறேன்.

ஒன்றரை ஏக்கர் நிலம். தேயிலைச் செடி கிழடாகி, பிடுங்கியெறிந்து, தரிசாகக் கிடந்த துண்டு. தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். அதை இரண்டு வருஷத்துக்கு மரக்கறி போடச் சொல்லி ஐந்து பெண்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிரேமினி, நாகலெட்சுமி, வினோதா, ஜெயந்தினி, ராக்காயி. (ஐந்து பேரையும் மனதில் வைக்க வேண்டாம். பிரேமினியும் நாகலெட்சுமியும் போதும், மற்ற மூவரும் இந்தக் கதையில் மண் கொத்திக்கொண்டிருப்பார்கள்.) ஐவரும் காலைப் பெரட்டுக்கு ஆள்கணக்கு கொடுக்கப் போவதை விட்டு, செக்ரோல் சம்பளப் பதிவில் இருந்து பெயரை எடுத்துவிட்டு, மண்ணில் இறங்கினார்கள். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி.

இரண்டு வருஷம் ஜூன் கடைசியோடு முடிகிறது. தோட்டத்து நிர்வாகியான தொரை தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷத்துக்காவது நிலையாக வாங்குகிற ஆள் யார் என்று எழுத்தில் காட்டினால் நிலத்தை நீடிப்பார். இல்லாவிட்டால் ஜூலை முதலாந்திகதி தேயிலைக் கன்று நடுவார். ஐந்து பேரும் திரும்பப் பெரட்டில் வரிசையாக நிற்கலாம், இடம் இருந்தால்.

அவ்வளவுதான். ஒரு எழுத்து வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

3

எழுத்து தரக்கூடிய பெரிய வாடிக்கையாளர் நாட்டில் ஒருவர்தான்: அரசாங்கம். அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, விடுதி இருக்கிறது, எல்லாவற்றிலும் சமையலறை இருக்கிறது. ஆனால் அது எப்போது என்ன வாங்குகிறது என்பதை எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

பிரேமினி முதலில் எங்கள் கடையில் தேடினாள். சாமான் சுற்றுவதற்கு வாப்பா பழைய பேப்பரைக் கிலோக் கணக்கில் வாங்கி அடுக்கி வைத்திருப்பார். மூட்டை நிறுக்கும் வரை அவள் அந்த அடுக்கில் உட்கார்ந்து கட்டம் போட்ட விளம்பரங்களைப் புரட்டுவாள். தமிழில் இருந்தால் அவளே படிப்பாள். சிங்களம் பேசத் தெரியும், வாசிக்க வராது. அதனால் சிங்களக் கட்டங்களை என்னிடம் நீட்டுவாள்.

"இது என்ன தங்கச்சி?"

"மரக்கறிதான் அக்கா. முடிவுத் திகதி போன மாசம் பதினாலு."

"இது?"

"கட்டில் மெத்தை. போன வருஷம்."

ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு அவள் வாப்பாவிடம் அன்றன்றைய பேப்பரைக் கேட்டாள்.

"படிச்சிட்டு மடிச்சு வச்சிர்றேன் மொதலாளி."

"படிச்ச பேப்பர் பழைய பேப்பர் புள்ள. கிலோ விலைக்கு எடுத்துக்க."

"ஒரு பேப்பர் எத்தனை கிராம் இருக்கும்? நிறுங்க."

வாப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் அன்றைய பேரத்தில் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். அன்றிலிருந்து பேப்பர் அவளுக்கு இலவசம்.

இன்னொரு இடம், ஒரு அரசாங்கக் கந்தோரின் அறிவித்தல் பலகை.\* பிரேமினி பஸ் ஏறிப் போய் மூன்று தடவை பார்த்தாள். அந்தப் பலகை, கதவுக்குப் பின்னால் உள்ள சுவரில் மாட்டப்பட்டிருந்தது. கந்தோர் திறந்திருந்தால் கதவு பலகையை மூடும். கந்தோர் மூடியிருந்தால் பலகை உள்ளே இருக்கும். மூன்றாம் தடவை அவள் கதவைத் தன் பக்கம் இழுத்து, அதற்கும் சுவருக்கும் நடுவே புகுந்து நின்று வாசித்தாள். காவலாளி வெளியே நின்று, "யாரும்மா உள்ளுக்கு?" என்று கதவைத் தட்டினானாம்.

\* எந்தக் கந்தோர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கதவைக் கழற்றிவிடுவார்கள், எனக்கு ஒரு நல்ல பந்தி போய்விடும்.

அங்கே கண்ட முதல் வாய்ப்பு கையை விட்டுப் போனது. தொழில் பெயர்ப் பதிவு இல்லாமல் படிவமே தரமாட்டார்கள். பதிவுக்குத் தொழில் நடக்கும் இடத்தின் உரிமைப் பத்திரம் கேட்டார்கள். லயத்துக் காம்பிராவுக்கு ஏது பத்திரம்? பிறந்து, மணமுடித்து, பிள்ளை பெற்ற அறைதான், ஆனால் கம்பெனியுடையது. தொரையின் கடிதம் வேண்டும். அதற்கு ஏழு வாரம்.

அந்த ஏழு வாரத்தில் ஒரு நாள் வாப்பா அவளிடம் சொன்னார்: "என்னத்துக்குப் புள்ள இந்த அலைச்சல்? என்ட பதிவு ஈக்கி. என்ட பேர்ல போடு. நூத்துக்குப் பத்து எனக்கு." (வாப்பாவுக்கு 'இருக்கு' எப்போதும் 'ஈக்கி'தான்.)

"ஒங்க பேர்ல போட்டா அது பொம்பளைங்க தொழிலா மொதலாளி?"

"யார் வந்து பாக்கப் போறான்?"

"யாரும் பாக்கலைன்னா ஒங்க பேருக்கு எதுக்குப் பத்து வீதம்?"

ஏழு வாரம் கழித்து 'கீழ்க்கணக்கு மகளிர் மரக்கறி விநியோகம்' பதிவாகியது. ஏப்ரலில் ஒரு அரச பயிற்சி நிலையத்தின் விடுதி விளம்பரம் போட்டது. வாரம் முந்நூறு கிலோ மரக்கறி, ஒரு வருஷத்துக்கு. அடியில் ஒரு வரி: 'பெண்களுக்குச் சொந்தமான சிறுதொழில்கள் விண்ணப்பிக்க ஊக்குவிக்கப்படுகின்றன.'

வாப்பா அந்த வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "ஊக்குவிக்கிறதுக்குக் கிலோவுக்கு எத்தனை ரூபா?"

"அப்படி ஒண்டும் இல்ல வாப்பா. விலை சமமா இருந்தா முன்னுரிமை. அவ்வளவுதான்."

"அப்ப சமமா ஈக்கணும்" என்றார் வாப்பா.

படிவத்தின் சிங்களப் பகுதியை நான்தான் நிரப்பினேன். விலை எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அது அவர்களுடைய வேலை.

4

விலை போட்டது வயலில், பின்னேரம், லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் கவிழ்த்த தகரத்தின் மேல். நான் அங்கே இல்லை. பிரேமினி சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். (நாகலெட்சுமி சொன்னது வேறு. இருவரும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.)

பிரேமினி பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினாள். விதை, உரம், மருந்து: கிலோவுக்கு எழுபத்தொன்று. ஐந்து பேர் கூலி: அறுபது. வேன் வாடகை: இருபத்தாறு. கழுவ, தரம் பிரிக்க, மற்றது: பதினைந்து. எல்லாம் சேர்த்து நூற்று எழுபத்திரண்டு ரூபாய்.

"நூத்தி எழுபத்திரண்டு" என்றாள். "கூலியும் உள்ளுக்கு வந்துருச்சு. நமக்கு நாமளே கூலி குடுக்குறோம் அக்கா."

நாகலெட்சுமி முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தவள். கொப்பியை எட்டிப் பார்த்தாள். "கழிவு எங்க?"

"என்ன கழிவு?"

"அடியேய், தராசுல ஏத்துனா கழிக்க மாட்டானா? கொழுந்து மடுவத்துல நிறுக்குறப்ப ஒரு நாளாவது காட்டுன கிலோ ஒனக்கு விழுந்திருக்கா? சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டுன்னு கணக்கப்புள்ள வெட்டலியா?"

"இது கவர்மெண்டு அக்கா."

"கவர்மெண்டுத் தராசு மட்டும் ஆகாசத்துல இருந்தா வந்துச்சு? தராசு யாரு கையில இருக்கோ அவன் கழிப்பான். நீ நூறு கிலோன்னு கொண்டு போவ, அவன் எம்பத்தெட்டுன்னு எழுதுவான். பொறவு நின்னுக்கிட்டு அழுவ."

வினோதா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "எம்பத்தெட்டு எப்படிக்கா வந்துச்சு?"

நாகலெட்சுமி விரல் மடக்கினாள். "அம்பது கிலோ மூட்டைய எடுத்துக்க. சாக்குக்கு ஒண்ணு. ஈரத்துக்கு ரெண்டு. அழுகல்னு சொல்லி ஒண்ணு. தராசு புடிக்கிற ஐயா வீட்டுக்கு ரெண்டு. ஆறு. அப்ப நூத்துக்கு?"

"பன்னெண்டு."

"எழுது."

யாரும் சிரிக்கவில்லை. கணக்கில் யாருக்கும் ஐயம் இல்லை. ஐந்து பேரும் ஆயுளில் மூட்டை ஏற்றிய ஒவ்வொரு தராசும் அப்படித்தான் இருந்தது. நூறு கிலோ கேட்டால் நூற்றுப் பன்னிரண்டு கொண்டு போக வேண்டும், ஆகவே விலையையும் அதற்கு ஏற்றிப் போட வேண்டும். பிரேமினி பெருக்கினாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் அறுபத்து நான்கு சதம். நாகலெட்சுமி அதை நூற்றுத் தொண்ணூற்று மூன்றாக்கச் சொன்னாள். "சில்லறை வச்சா மதிக்க மாட்டாங்க."

பிரேமினி பேனாவால் கட்டத்தில் எழுதினாள்: 193.

5

இங்கே ஒரு விஷயம். இதை மூன்றாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, கடைசியில் தள்ளிப்போட்டேன். அந்தக் கேள்விமனுவுக்கு வாப்பாவும் விலை போட்டார்.

*ஹட்டனில் வேறொரு மரக்கறி வியாபாரி—* என்று எழுதிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். வாக்கியம் நொண்டியது.

இரகசியமாகப் போடவில்லை. "நானும் போடுவேன் புள்ள, வருஷா வருஷம் எங்கயாவது போடுறதுதான்" என்று பிரேமினியிடம் நேராகவே சொன்னார். அவளும் "போடுங்க மொதலாளி, பாப்போம்" என்றாள். வியாபாரத்தில் அது வழக்கம். கடை வாசலில் ஒரே பழத்தை நால்வர் விற்பதில்லையா?

விலை திறக்கும் நாள், இரண்டே கால் மணி. பிளாஸ்டிக் கதிரை வரிசை. ஒரு ஓரத்தில் பிரேமினியும் நாகலெட்சுமியும், பொட்டும் பூவுமாகக் கோயிலுக்குப் போகிற சேலையில். மறு ஓரத்தில் வாப்பா. நடுவில் நானுஓயாவிலிருந்து வந்த ஒரு லொறிக்காரர். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுதுவினைஞர் உறைகளைக் கிழித்துச் சத்தமாக வாசித்தார்.

லொறிக்காரர், இருநூற்று ஒன்பது.

கீழ்க்கணக்கு மகளிர் மரக்கறி விநியோகம், நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

நாகலெட்சுமி பிரேமினியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராசிக் ஸ்டோர்ஸ், நூற்று எண்பத்தெட்டு.

ஐந்து ரூபாய். முழங்கையில் இருந்த கை அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டது.

எல்லாரும் கையெழுத்திட்டு எழுந்த பிறகு பிரேமினி மேசைக்குப் போனாள். சிங்களத்தில் கேட்டாள்: "மிஸ், ஒரு விஷயம். இங்க தராசுல மூட்டைக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

எழுதுவினைஞருக்குக் கேள்வி புரியவில்லை. "கழிக்கிறதா? எதை?"

"கிலோவ."

"எதுக்குக் கழிக்க வேணும்? தராசு காட்டுறதை எழுதுவோம். அழுகல் இருந்தா திருப்பித் தருவோம், அதுக்குத் துண்டு எழுதி. வெறும் சாக்கை ஒரு தடவை நிறுத்து, அதைக் கழிப்போம். நூறு, நூத்தம்பது கிராம் இருக்கும்." அவர் ஒரு நொடி யோசித்தார். "நீங்க எவ்வளவுன்னு நினைச்சீங்க?"

பிரேமினி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

(இந்த எழுதுவினைஞர் நல்லவர்தான். ஆனால் காப்பாற்றவில்லை. பிரேமினியோடு போட்ட ஒப்பந்தத்தை நான் மீறவில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்ளவும்.)

பிரேமினி, நாகலெட்சுமி, வாப்பா மூவரும் வாப்பாவின் வேனில்தான் திரும்பினார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, மழை வேறு. கொட்டகலை நெருங்கும்போது பின் ஆசனத்திலிருந்து நாகலெட்சுமி கேட்டாள்:

"மொதலாளி, நீங்க கழிவு போட்டு விலை போடலியா?"

"நான் எதுக்கு அக்கா போட? அங்க கழிக்க மாட்டாங்க."

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாப்பா வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமினிதான் சொன்னாள், ஜன்னல் பக்கம் திரும்பியபடியே: "கழிக்கிறவங்களுக்குக் கழிவுப் பயம் இல்லக்கா."

6

இப்போது வாப்பாவைச் சந்தேகப்பட வேண்டும். கதை எழுதுகிறவள் என்ற முறையில் அது என் கடமை. மகள் என்ற முறையில் அன்று இரவுச் சோற்றை அவரோடுதான் சாப்பிட வேண்டும்.

முதல் வரைவில் அவர் வில்லன். படிவம் என் மேசையில் இருந்தபோது திருட்டுத்தனமாக விலையைப் பார்த்தார். இது வாசகருக்கு வசதி, ஆனால் நடக்கவில்லை. படிவம் என்னை விட்டுப் போகும்போது கட்டம் காலி.

இரண்டாம் வரைவில் அவர் அப்பாவி. எந்த வருஷமும் போல ஒரு விலை போட்டார், கிடைத்தது. இது எனக்கு வசதி. இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஆகவே நேராகக் கேட்டேன்.

"வாப்பா, அவங்க நூத்தித் தொண்ணூறுக்கு மேல போடுவாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"அவங்க செலவு எனக்குத் தெரியாதா? நூத்தி எழுவது, எழுவத்தஞ்சு. அதுக்கு மேல கழிவு போடுவாங்க. போடாம ஈக்க மாட்டாங்க."

"போடுவாங்க எண்டு—"

"நாப்பது வருஷமா நானே கழிக்கிறேனே புள்ள. மூட்டைக்கு ஒரு கிலோ. என்ட வாப்பாவும் கழிச்சார். கழிச்சுக் கழிச்சு அவங்களுக்குப் பழகிப் போச்சு. எனக்கும்."

"அவங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எதிர்ல விலை போடுறவனுக்கு யாராவது சொல்லுவானா?" சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. அரிசி விலை சொல்வது மாதிரி. "நான் களவெடுக்கல்ல. ஒவ்வொரு துண்டிலயும் எழுதித்தான் குடுக்கிறேன். எடை, கழிவு, மிச்சம். மறைச்சேனா?"

மறைக்கவில்லை. உண்மை. அந்தத் துண்டுகளை எழுதுவது நான்தான்.

[இந்த வரிக்குப் பிறகு ஒரு பந்தி இருந்தது. என்னைப் பற்றியது. எடுத்துவிட்டேன். கதை பிரேமினியுடையது.]

7

அடுத்த செவ்வாய் வாப்பாவே பேச்சைத் தொடங்கினார். ஒப்பந்தம் கிடைத்த பிறகுதான் அவருக்குச் சிக்கல். வாரம் முந்நூறு கிலோ வேண்டும். மழையில் நுவரெலியா விலை ஏறிக்கொண்டிருந்தது.

"ஒங்க மரக்கறி முழுக்க எனக்கே தா புள்ள. நூத்தி முப்பது."

"கழிவோடயா?"

"வழக்கம் போல."

"நூத்தி அறுவது. கழிவு கெடையாது. எங்க வயல்ல, எங்க தராசுல நிறுக்கணும். வேன் நீங்க அனுப்பணும்."

"ஒங்களுக்கு எங்கால தராசு?"

"வாங்கிட்டோம்."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் சில்லறையைப் பார்த்தேன்.

நூற்று நாற்பது. நூற்று அறுபது. நூற்று நாற்பத்தைந்து. நூற்று அறுபது. பேரத்தில் இறங்காமல் நிற்பது வாப்பாவின் வித்தை, அதை அவரிடமே பார்த்துப் பார்த்துப் படித்தவளிடம் அது எப்படிச் செல்லும்? நூற்று ஐம்பத்தெட்டில் வாப்பா சிரித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை கடுதாசி எழுதிட்டு வா. கையெழுத்துப் போட்டுத் தாரன்."

அந்தக் கடுதாசிதான் தொரைக்கு வேண்டியது. ஒரு வருஷம், நிலையாக வாங்குகிற ஆள், எழுத்தில். இங்கே நான் பேனாவைக் கீழே வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல கதை கிடைத்திருக்கும். கேள்விமனு போனாலும் நிலம் நின்றது, இரு தரப்பும் லாபம். பத்திரிகைக்காரர்கள் விரும்பும் முடிவு அது. அளவும் சரியாக வரும்.

ஆனால் வெள்ளிக்கிழமை பிரேமினி இரண்டு தாள் கொண்டுவந்தாள். நாகலெட்சுமியும் கூட வந்தாள், அவளைத் தடுக்க. வாசலிலேயே சண்டை.

"வேணாண்டி. நெலத்த முடிச்சிக்கிட்டுப் போவோம். அத உள்ளுக்கு வை."

"அக்கா, சும்மா இருங்க."

"கையெழுத்த வாங்கிட்டு அப்பறம் காட்டேன், கழுத!"

"அப்பறம் காட்டுனா அது கேக்குறது இல்ல, ஏமாத்துறது."

பிரேமினி இரண்டு தாளையும் ஒரே குண்டூசியால் குத்தி, கல்லா மேல் வைத்தாள். முதலாவது ஒப்பந்தக் கடிதம். இரண்டாவது ஒரு பில். அதன் மேல் ஒரு கட்டுத் துண்டு, இறப்பர் வளையம் போட்டது. எல்லாம் என் கையெழுத்து. நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

"மொதலாளி, அந்த மிஸ் சாக்க நிறுத்துக் கழிப்போம்னாங்க. நாங்களும் நிறுத்தோம். நூத்தம்பது கிராம். ரெண்டு வருஷமா நீங்க கழிச்சதுல அது நியாயம், அத விட்டுட்டோம். மீதியப் போட்டிருக்கு."

வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ரெண்டுலயும் ஒண்ணாத்தான் போடணும்" என்றாள் பிரேமினி. "ஒண்ணுல மட்டும்னா வேணாம்."

"நெலம்?"

"போனா போகட்டும். இத விட்டுட்டுக் கையெழுத்து வாங்குனா, அடுத்த வருஷம் விலை போடுறப்பவும் நாங்க கழிவு சேர்த்துத்தான் எழுதுவோம். எங்களுக்கு வேற கணக்கு வராது."

நாகலெட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவு இருக்கிறது. வாப்பா இரண்டிலும் போடுகிறார். வாப்பா குண்டூசியைக் கழற்றி, ஒன்றில் போட்டு, மற்றதைத் திருப்பித் தள்ளுகிறார். வாப்பா இரண்டையும் தள்ளிவிட்டு, 'அடுத்த ஆள்' என்கிறார். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் என் வாப்பாவை விற்றேன். இரண்டாவதில் பிரேமினியை. மூன்றாவது நடக்கக்கூடியதுதான், ஆகவே அதை முடிவாக வைக்க மனம் வரவில்லை. நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருப்பவள். நீங்கள் அந்தப் பக்கம், வரிசையில் அவளுக்கு அடுத்து நிற்கிறீர்கள். பார்த்து நீங்களே முடியுங்கள். நடந்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்:

வாப்பா பில்லை இரண்டு தடவை வாசித்தார். எழுந்து போய், மூலையிலிருந்து ஒரு வெறும் சாக்கை எடுத்து, உதறி, மடித்துத் தராசில் வைத்தார். குனிந்து பார்த்தார். சாக்கை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். அதையும் பார்த்தார்.

"நூத்தி நாப்பத்தஞ்சு" என்றார். "அஞ்சு கிராம் கூட விட்டிருக்கீங்க."

காதிலிருந்த பென்சிலை எடுத்து, பிரேமினியின் எண்களை வெட்டி, பக்கத்தில் தன் எண்களை எழுதினார். எழுதி முடித்துப் பென்சிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கையெழுத்துக்குப் பேனா வேண்டும். பேனா என் பக்கம் இருந்தது.

ராசிக் ஸ்டோர்ஸ் கணக்கில்:

துண்டு 194, துண்டுக்கு 2 மூட்டை: மூட்டை 388
கழித்தது: 388 கிலோ
சாக்கின் எடை, ~~150~~ 145 கிராம்படி: ~~58.20~~ 56.26 கிலோ
கழிவு போக: ~~329.80~~ 331.74 கிலோ
கிலோ சராசரி 120 ரூபாய்ப்படி: ~~39,576.00~~ 39,808.80
கொடுத்தது: இல்லை
நிலுவை: ரூ. 39,808.80